நாசிக்குக் கிளம்பிய கண்ணீரெலும்பு

முகத்து எலும்புகளில் மிகச் சிறியது கண்ணீரெலும்பு. பாடப்புத்தகத்தில் லாக்ரிமல் என்று இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் அளவு, தடிமனும் ஏறக்குறைய அதே. கண்குழியின் உட்சுவரில், மூக்கை ஒட்டினாற்போல் முன்பக்கம் நிற்கிறது. இரண்டு பரப்புகள், நான்கு ஓரங்கள், ஒரு முகடு, ஒரு பள்ளம், ஒரு கொக்கி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் இதை ஒப்பித்துவிடுவேன். அந்தப் பெருமை கல்லூரியைச் சேராது. என் அம்மாவையும், எங்கள் வீட்டு அமாவாசைக்கும் திவசத்துக்கும் மந்திரம் சொல்லிவைக்கச் செம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த வாத்தியாரையும் சேரும்.

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் சேருகிறவர்கள் பாதி எலும்புக்கூடு வாங்கவேண்டும். வலதைப் படித்தால் இடதைப் படித்த மாதிரிதான் என்பதால் பாதி போதும். அந்தப் பாதியை நானும் என் தோழியும் சேர்ந்து வாங்கினோம். அவள் தாராவியிலிருந்து வருகிறவள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அப்பாவுக்குத் தோல் பட்டறை. இடுப்பும் காலும் அவள் வீட்டில், மண்டையோட்டுத் துண்டுகளும் கையும் எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு.

எங்கள் வீடு மாட்டுங்காவில். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு பால்கனி. எலும்பு உள்ளே வருவதற்கு அம்மா விதித்த நிபந்தனைகள்: பெட்டி பால்கனியைத் தாண்டக் கூடாது. தொட்டால் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்கு வரவேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு படிக்கக் கூடாது. யாராவது கேட்டால் அதில் பழைய புஸ்தகம் என்று சொல்லவேண்டும். அப்பா தன் பங்குக்கு, "எலும்பைப் பார்க்காம டாக்டர் ஆகணும்னா ஹோமியோபதிதான் படிக்கணும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் பெட்டியில் கண்ணீரெலும்பு இல்லை. யாருடைய பெட்டியிலும் இருக்காது. மண்டையோட்டைப் பிரிக்கும்போதே அது நொறுங்கிப் போய்விடும். எங்கள் அனாடமி டிபார்ட்மெண்டில் உடையாத ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பாதுகாத்துவந்த டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு மராட்டிய அம்மாள். முதல் வருஷத்து எலும்புத் தேர்வுக்கு முந்தைய சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் வைத்துப் படிக்கத் தரும்படி நாங்கள் இருவரும் கெஞ்சியதில் மனமிரங்கி, வெள்ளிக்கிழமை அதை என்னிடம் கொடுத்தார்.

"நீட் டேவ்," என்றார். பத்திரமாக வை என்று அர்த்தம். பிறகு இங்கிலீஷில், "இதன் முன்னால் தும்மாதே. திங்கட்கிழமை காலை இது முழுசாக என் கைக்கு வராவிட்டால் நீயும் அவளும் தேர்வுக்கு வரவேண்டாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்கு ஒரு தீப்பெட்டியைத் தயார் செய்தவள் என் தோழி. உள்ளே பஞ்சு வைக்கலாம் என்றேன்.

"பஞ்சுல இந்தக் கொக்கி மாட்டிக்கிட்டா முறிஞ்சுரும்ட்டி," என்றாள். "வாப்பா பட்டறையில வெட்டுத்துண்டு கெடந்துச்சு, ஆட்டுத்தோலு. கன்னத்துல வச்சுப் பாரு, எப்படி மெத்துனு இருக்கு!"

வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. ஆட்டுத்தோல் மெத்தையில் கண்ணீரெலும்பைப் படுக்கவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்தேன். மெத்தையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. நிபந்தனைகளில் தோல் பற்றி ஒன்றும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, அமாவாசை. அரைநாள் கல்லூரி முடிந்து வந்து, சாப்பிட்டு, பால்கனியில் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. தீப்பெட்டி இல்லை.

"அம்மா, என் தீப்பெட்டி எங்கே?"

"மேடையில இருக்கு பார்."

"அது இல்லை. பெட்டிக்குள்ளே வெச்சிருந்தேனே."

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அவரா? அவர் நாசிக் போறார்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

நடந்தது இது. காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிவைக்க வாத்தியார் வந்திருக்கிறார். யாரோ ஒரு குடும்பத்தாரின் அஸ்தியைக் கோதாவரியில் கரைக்க அன்று மாலை அவர்களோடு நாசிக் கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளாக அம்மாவின் மனசில் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. பால்கனியில் ஒருத்தர் கேட்பாரற்றுக் கிடக்கிறார். அவருக்கு யார் காரியம் செய்தார்கள்? ஒன்றும் செய்யாத ஆத்மாவின் எலும்பை வைத்துக்கொண்டு பெண் படித்தால் எப்படிப் பாஸ் ஆவாள்? வாத்தியாரைக் கேட்டிருக்கிறாள். ஒரு சின்ன எலும்பு போதும், ஆற்றில் விட்டு மந்திரம் சொன்னால் மொத்த ஆளுக்கும் சேர்ந்துவிடும், மிச்சம் வெறும் கட்டைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"உனக்கு ஒரு குறையும் வரக் கூடாதுன்னுதான் தேடித் தேடி எடுத்தேன்," என்றாள் அம்மா. "பெரிசெல்லாம் நீ படிக்க வேணும். இருக்கறதுலேயே சின்னதா, எதுக்கும் ஆகாததா இது ஒண்ணுதான் இருந்தது. வெங்காயச் சருகு மாதிரி! அதுக்குன்னு தனியா ஒரு பெட்டி வேற. தொடாமலேயே எடுத்துக் குடுக்க முடிஞ்சது."

என் அம்மா எதையும் யோசிக்காமல் செய்கிறவள் அல்ல. ஒரு பெட்டி எலும்பில், இன்னொன்று கிடைக்காத ஒரே எலும்பை, மிகுந்த பொறுப்போடு தேர்ந்தெடுத்திருந்தாள்.

"அம்மா, அது என்னோடது இல்லை. காலேஜோடது. திங்கட்கிழமை திருப்பிக் குடுக்கலைன்னா நானும் அவளும் பரீட்சை எழுத முடியாது."

அம்மா காபியைக் கீழே வைத்தாள். "வாத்தியாருக்குச் சாயங்காலம்தான் வண்டி," என்று சொல்லிக்கொண்டே புடவை மாற்றப் போனாள்.

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினோம். சயான் வந்தது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"காலேஜோடதுன்னா, அப்போ அது நம்மாத்து ஆள் இல்லையா?"

"இல்லை. டிபார்ட்மெண்ட் ஆள்."

"அப்போ நாசிக்ல கரைச்சா நம்மாத்து ஆளுக்குப் புண்ணியம் சேராதா?"

"எப்படிச் சேரும்? இவர் வேற, அவர் வேற."

அம்மா இதை ஜீரணிக்க ஒரு நிறுத்தம் ஆயிற்று. அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தப்பான தகவலைத் திருத்தாமல் விட என்னால் முடிவதில்லை.

"நம்மாத்துப் பெட்டியில இருக்கறதும் ஒரே ஆள் இல்லைம்மா. கடைக்காரன் பல பேர் எலும்பைக் கலந்துதான் செட் சேர்ப்பான். மணிக்கட்டு எலும்பு ஒருத்தரோடது. தாடை வேற யாரோ. அது பொம்மனாட்டியா இருந்தாலும் இருக்கும்."

"எத்தனை பேர்டீ இருக்கா நம்ம பால்கனியில?" என்று அம்மா சற்று உரக்கவே கேட்டுவிட்டாள்.

முன் சீட்டிலிருந்த மனிதருக்குத் தமிழ் தெரியும் என்பது அவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டபோது தெரிந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்து, "அரே, ஸீட் காலி ஹை, பைட்டோ நா!" என்றார். அவர் உட்காரவில்லை.

வாத்தியாரின் வீடு செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். வாசலில் இரும்பு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளைச் சொம்பும் பயணத்துக்குத் தயாராக இருந்தன. என் கண் தீப்பெட்டியைத் தேடியது. அது வீட்டுக்குள் இல்லை. வெளியே, காம்பவுண்டுச் சுவர்மேல் கவிழ்த்த ஒரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்புக்கு அடியில் அதன் ஒரு மூலை தெரிந்தது. அமாவாசை அல்லவா, காகங்களுக்கு அன்று நல்ல வரும்படி. அதிலொன்று சிரட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு வைத்த சாதம் என்ற நம்பிக்கையோடு தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓடிய வேகத்தில் பறந்தது.

"எடுத்துண்டு போ, எடுத்துண்டு போ!" என்று வாத்தியார் வாசலிலிருந்தே சொன்னார். பருத்த சரீரம், மூக்குப்பொடி மட்டையைக் கைவிடாதவர். "மாமி, நீங்க இப்படிப் பண்ணலாமா? அஸ்தின்னு சொன்னேள், நானும் வாழைக்காயோட அரிசியோட பையில போட்டுண்டு வந்தேன். இங்கே வந்து திறந்தா தோல்! ஆட்டுத்தோல்! ஆத்துக்காரி பார்த்துட்டு, அரிசி, வாழைக்காய், பை எல்லாத்தையும் தூக்கி வேலைக்காரிக்குக் குடுத்துட்டா. நானும் ரெண்டாந்தரம் ஸ்நானம் பண்ணியாச்சு."

"தோலா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"மெத்தைம்மா. பஞ்சு வெச்சா கொக்கி உடையும்."

"கோதாவரிக்கு இதை நான் கொண்டுபோக முடியாது. அதுவும் போகட்டும், உள்ளே அஸ்தி எங்கே இருக்கு? பூண்டுத் தோல்னா இருக்கு?"

எங்கள் வீட்டில் பூண்டு நுழைந்ததில்லை. அம்மாவுக்கு முகம் சிவந்தது. "பூண்டு இல்லை, எலும்புதான். சொல்லுடி."

இங்கே எனக்கு ஒரு சங்கடம். பூண்டுத் தோல்தான் என்று ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எலும்பு என்று நிரூபித்துவிட்டால், தோலைக் கழற்றி எறிந்துவிட்டு நாசிக்குக் கொண்டுபோகிறேன் என்று அவர் ஆரம்பிக்கலாம். ஆனால் எலும்பு எலும்புதான்.

"எலும்புதான் மாமா. முகத்துல இருக்கறது."

"எந்தப் பக்கம்? வலமா, இடமா?"

எலும்புத் தேர்வில் எந்த எலும்பைக் கையில் கொடுத்தாலும் முதல் கேள்வி இதுதான். பூணூலை இடம் வலமாக மாற்றி மாற்றியே பிழைப்பு நடத்துகிறவர், அவருக்கும் அதுதான் முதல் கேள்வி. சட்டென்று நிமிர்ந்து நின்றுவிட்டேன்.

"இடது. பள்ளம் முன்பக்கம் வரணும், கொக்கி கீழே வரணும், முகடு இருக்கற பரப்பு வெளிப்பக்கம் பார்க்கணும். அப்படிப் பிடிச்சா இடது கண்ணுக்குத்தான் சரியா உட்காரும்."

"ம். பந்துக்கள்?"

"மேலே நெற்றியெலும்பு. பின்னாலே சல்லடையெலும்பு. முன்னாலேயும் கீழேயும் மேல்தாடை. கீழே ஒரு நுனி மட்டும் இறங்கி மூக்குக்குள்ளே இருக்கற சுருளெலும்பைத் தொடும்."

"நாலு பேர் சுத்தி இருந்திருக்கா," என்று வாத்தியார் அம்மாவைப் பார்த்துத் திருப்தியோடு சொன்னார். "ஆணா, பெண்ணா?"

"இதை வெச்சுச் சொல்ல முடியாது மாமா. இடுப்பெலும்பு வேணும்."

"அது எங்கே?"

"தாராவியில, என் சிநேகிதி ஆத்துல. ஆனா அது வேற ஆளோட இடுப்பு."

வாத்தியார் இடுப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை இழுத்தார். சந்தேகத்தை நேரில் தீர்த்துக்கொள்ள நினைத்தவர்போல, என் கையிலிருந்த திறந்த தீப்பெட்டியின்மேல் குனிந்தார். டெமான்ஸ்ட்ரேட்டர் அம்மாளின் குரல் எனக்குக் கேட்டது.

"மாமா, தும்மாதேங்கோ!"

தும்மலை அப்படியெல்லாம் நிறுத்த முடியாது. மூடியை நான் தள்ளி மூடுவதற்குள் வந்துவிட்டது. பெட்டியில் தோல் மட்டும் இருந்தது.

மூவரும் அசையவில்லை. தரையில் வெளுத்த சிமெண்ட், அதன்மேல் காலையில் போட்ட கோலமாவு. வெள்ளையாகப் பொடியாகக் கிடக்காத இடமே இல்லை. வாத்தியார் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"என் மேல இருக்கு," என்றாள் அம்மா.

உதடு மட்டும்தான் அசைந்தது. அவளுடைய தலைப்பு மடிப்பில், அரக்குப் புடவையில், கண்ணீரெலும்பு கொக்கி மேலே தெரிய உட்கார்ந்திருந்தது.

"அம்மா, மூச்சு விடாதே."

"நீ முதல்ல எடு. அப்புறம் விடறேன்."

இடுக்கி கொண்டுவரவில்லை. விரலால் எடுத்தால் உடையும். அம்மா கையிலிருந்த பஸ் டிக்கெட்டை வாங்கி, மடிப்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்ல நுழைத்தேன். பாதி தூரம் வந்ததும் அது மறுபக்கம் சரிந்தது. சரியும்போது அம்மா, தொட்டால் தலைமுழுகவேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்ட என் அம்மா, உள்ளங்கையைக் குழித்து அதை ஏந்திக்கொண்டாள்.

உடையவில்லை. முகடு முழுசாக இருந்தது, கொக்கியும் இருந்தது. அம்மா கையை நீட்டிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"கனமே இல்லையேடி. இது எதுக்குத்தான் இருக்கு முகத்துல?"

"அழறதுக்கு. இந்தப் பள்ளத்துல ஒரு சின்னப் பை இருக்கும். கண்ணுல சுரக்கற தண்ணி அதுல விழுந்து மூக்குக்குள்ளே இறங்கும். அதனாலதான் அழுதா மூக்கும் ஒழுகறது. மாமாவைப் பாரேன்."

தும்மலில் வாத்தியாருக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தன. துண்டால் துடைத்தவர், துடைப்பதை நிறுத்திவிட்டு மூக்கின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அட! ஹோமப் புகையில உட்கார்ந்தா மூக்கு ஏன் இந்தப் பாடு படறதுன்னு நினைச்சிண்டே இருப்பேன். இவரோட வேலைதானா இது?" அவர் முகத்தில் பழைய சிநேகிதனைக் கண்ட மலர்ச்சி. "இவர் எங்க வேலைக்கு ரொம்ப வேண்டியவர்னா! சாவு வீட்டுல எல்லாரும் இவர் தயவுலதான் அழறா."

அம்மா எலும்பை மெத்தையில் இறக்கிவிட்டாள். பிறகுதான் தன் கவலையைச் சொன்னாள். இவர் டிபார்ட்மெண்ட் ஆள், இவரைத் திருப்பிக் கொடுத்தாகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெண்களின் வருஷமும் போய்விடும். சரி. ஆனால் பால்கனியில் கலந்து கிடப்பவர்களுக்கு என்ன வழி? எத்தனை பேர் என்றே தெரியவில்லையே?

"நாசிக்குக் கொண்டுபோறது நடக்காது. தோல் பட்டது பட்டதுதான்," என்றார் வாத்தியார். "எள்ளும் ஜலமும் விட்டுடறேன். அதுக்குத் தோல் தடை இல்லை. கோத்ரம் தெரியாதவாளுக்குக் காச்யப கோத்ரம். பேர் என்ன சொன்னே, குழந்தே?"

"எலும்போட பேரா? லாக்ரிமல்."

"லாக்ரிமல சர்மா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாக்கில் நன்றாகவே உட்கார்ந்தது.

"பொம்மனாட்டியா இருந்தா?" என்றாள் அம்மா.

"அதுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன் மாமி. மாட்டுங்கா பால்கனி, தாராவி இடுப்பு, டிபார்ட்மெண்ட், எல்லாரையும் மொத்தமா."

தீப்பெட்டியைச் சுவர்மேல் திறந்து வைத்தோம். காகத்தை விரட்டும் வேலை என்னுடையது. வாத்தியார் பூணூலை மாற்றிக்கொண்டு, சொம்புத் தண்ணீரோடு எள்ளை விரல்வழியே விட்டார். கை கொஞ்சம் நடுங்குகிறவர், ஆனாலும் மந்திரத்தில் அவசரம் இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து அவர் வீட்டு மாமி சொன்னது அவர் காதில் விழவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தீப்பெட்டியை அம்மாதான் வைத்திருந்தாள். நான் கேட்டும் தரவில்லை. "நீ இறங்கற அவசரத்துல போட்டுடுவே," என்றாள். வீட்டுக்கு வந்து தலைமுழுகினாள், என்னையும் முழுகச் சொன்னாள். நிபந்தனைகளில் இரண்டு மாறின. பெட்டி மழைக்காலத்தில் கூடத்துக்குள் வரலாம். யாராவது கேட்டால் எலும்பு என்றே சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலிலேயே தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துத் துப்பட்டா நழுவிவிட்டது.

"அய்யரு தோலுன்னு சொல்லித் தள்ளிட்டாரா! வாப்பாட்ட சொல்லணும்ட்டி. சரக்கைத் திருப்பி அனுப்பினவருக்கு மொத மொதல்ல நம்ம வீட்டுலருந்து ஒரு நன்றி போவுது."

தேர்வில் எனக்குக் கண்ணீரெலும்பு வரவில்லை. இடுப்பெலும்பை நீட்டி, ஆணா பெண்ணா என்று கேட்டார் பரீட்சகர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெண் என்றேன். சரிதான். தோழிக்குத்தான் கண்ணீரெலும்பு வந்தது. பக்கம், பரப்பு, ஓரம் எல்லாம் சொன்னாளாம். என்ன வேலை என்று கேட்டதற்கு அழுவதற்கு என்று சொல்லிவிட்டாளாம். அதற்கும் மார்க் விழுந்தது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. தேர்வுக்கு முன்னால் டெமான்ஸ்ட்ரேட்டர் அம்மாளின் மேஜையில் தீப்பெட்டியை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திறந்து, இடுக்கியால் எலும்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். முகட்டைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். பள்ளத்துக்கு வந்ததும் நிறுத்தினார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இது என்ன?"

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணீர்ப்பை இருக்கவேண்டிய இடத்தில், அதற்கென்றே செய்தாற்போல, ஒரு கறுப்பு எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதில் தயாரிக்க எனக்கு நேரம் இல்லை. தேவையும் படவில்லை. அந்த அம்மாளும் எள்ளை அறிந்த வீட்டில்தான் பிறந்தவர். "தீள்," என்று மராட்டியில் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அறையின் மறுகோடியில், கண்ணாடி அலமாரிகளில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்த மண்டையோடுகளையும் தொடையெலும்புகளையும் பார்த்தார்.

எள்ளை எடுக்காமலேயே எலும்பைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"உங்கள் பட்ஜி," என்று மராட்டிய வழக்கில் வாத்தியாரைக் குறிப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இங்கே வருவாரா?"

நாசிக்கிலிருந்து புதன்கிழமை வந்துவிடுவார் என்றேன்.